கப்பக்கார ரங்கராஜும் இரண்டு எரிமலைகளும்

1991 ஜூன் 15, சனி. பினாடுபோ மலை வெடிப்பு. பல்லடத்தில் காற்றழுத்தக் கோட்டில் மாற்றம்: இல்லை.
1992. பல்லடத்தில் ஆண்டுச் சராசரி வெப்பம், முந்தைய ஆண்டைவிட 0.4 டிகிரி குறைவு. மழை, 112 மி.மீ. குறைவு.
2022 ஜனவரி 15, சனி. டோங்கா மலை வெடிப்பு. பல்லடத்தில் காற்றழுத்தக் கோட்டில் மாற்றம்: 1.4 மில்லிபார் ஏற்றம்.
2022 மே. அதிகபட்சம் 36.8.
2023 மே. அதிகபட்சம் 38.1.
2024 மே 2, வியாழன். வெளியே 40.9. செட்டுக்குள் 44.5.
ரங்கராஜின் கோழிகள் 9,600. செத்தவை 7,212.
நஞ்சுண்டனின் கோழிகள் 4,000. செத்தவை 3,655.
மொத்தம் செத்தவை 10,867.
ரங்கராஜின் இடது கையில் உடைந்த எலும்புகள் 2.

ரங்கராஜ் 1961-ல் சிங்காநல்லூரில் பிறந்தார். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் கோயமுத்தூர்த் தமிழ். பத்தாவது முடித்ததும் பீளமேட்டில் ஒரு பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டு, 1987-ல் பம்பாய் ஏஜென்ட் ஒருவர் மூலம் சரக்குக் கப்பலில் ஃபிட்டராகச் சேர்ந்தார். ஊரில் அவருக்குக் ‘கப்பக்காரர்’ என்று பெயர் வந்தது அதனால்தான். கப்பலில் அவர் இருந்தது மொத்தம் நான்கு வருடம் ஏழு மாதம்.

1991 ஜூன் மாதம் அவருடைய கப்பல் பிலிப்பைன்ஸில் சுபிக் வளைகுடாவில் பழுது பார்க்க நின்றிருந்தது. ஆட்களைக் கரையில் ஒரு தகரக் கொட்டகையில் தங்க வைத்திருந்தார்கள். பினாடுபோ மலை அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். அன்று நடந்ததை ரங்கராஜ் என்னிடம் முப்பது வருடத்தில் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் ஒரு விவரமும் மாறவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு ஊர் இருட்டிவிட்டது. அதே நாளில் புயலும் வந்தது. சாம்பலும் மழையும் கலந்து, குழைத்த சிமென்ட் போல வானத்திலிருந்து விழுந்தது. தரை ஆடிக்கொண்டே இருந்தது. சாம்பலுக்குள்ளேயே மின்னல் வெட்டியது. கூரை கனம் தாங்காது என்று ரங்கராஜும் கூட வேலை பார்த்த காக்கிநாடாக்காரர் நரசிம்மலுவும் மேலே ஏறி மண்வெட்டியால் தள்ளினார்கள். நரசிம்மலுவுக்குக் கண்ணில் சாம்பல் விழுந்து, கழுவிக்கொண்டு வருகிறேன் என்று கீழே இறங்கினார். அடுத்த அதிர்வில் கூரை உள்ளே விழுந்தது. மேலே நின்ற ரங்கராஜ் அதோடு சேர்ந்து விழுந்தார். நரசிம்மலு அடியில் இருந்தார். வெறுங்கையால் தோண்டியதில் ரங்கராஜுக்கு மூன்று நகங்கள் பிய்ந்தன. முகம் தெரிந்தபோது நரசிம்மலுவின் வாய் திறந்திருந்தது. உள்ளே முழுக்கச் சாம்பல் இறுகிக் கிடந்தது.

ஊர் திரும்பிய ரங்கராஜ் கப்பலுக்கு மறுபடி போகவில்லை. பல்லடத்துக்குத் தெற்கே இருந்த அப்பாவின் இரண்டரை ஏக்கரில் கறிக்கோழிப் பண்ணை போட்டார். முதல் கோடை 1992. அனுபவம் இல்லாதவர், கோடையில் குஞ்சு இறக்காதே என்று எல்லோரும் சொல்லியும் இறக்கினார். கோழி சாகவில்லை. மலை வெடித்ததால் உலகம் குளிர்ந்திருக்கிறது என்று யாரோ பேப்பரில் படித்துச் சொல்ல, 1993 ஜனவரியில் என்னைத் தேடி வந்தார். நான் அப்போது பக்கத்து விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் வானிலைக் குறிப்பாளன்.

இரண்டு வருடக் கணக்கையும் காட்டினேன். 0.4 என்ற எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நெசந்தானுங்களா சார்?”

“இது ஒரு ஊருங்க. ஒரு தெர்மாமீட்டர். உலகத்துக்கும் அரை டிகிரி குறைஞ்சதா எழுதியிருக்காங்க.”

“நரசிம்மலு உசுரு சும்மா போகலீங்க சார். அந்த மலை ஒரு ஆள வாங்கிப்போட்டு ரெண்டு வருசம் குளுரக் குடுத்திருக்குது.”

மழையும் 112 மி.மீ. குறைந்தது என்பதைச் சொல்ல நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதற்குள் அவர் சைக்கிளில் ஏறிவிட்டார். பின்னால் ஓடிப் போய்ச் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் அந்தப் பக்கம் சேரவே இல்லை.

1993-ல் கனகத்தைக் கல்யாணம் செய்தார். 1996-ல் லாஸ்யா பிறந்தாள், ஒரே மகள். ஒரு செட்டு மூன்றானது. நல்ல பண்ணைக்காரர் என்று கறிக்கோழிக் கம்பெனியில் பெயர். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். செட்டும் உழைப்பும் பண்ணைக்காரருடையது. இப்பக்கம் எல்லாப் பண்ணையிலும் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் நூறு கோழி விடும் இடத்தில் கோடையில் எண்பதுதான் விட வேண்டும். கோழிக்கு வேர்க்காது. பெருத்த கோழி தன் சூட்டாலேயே செத்துப் போகும். அதனால் எண்பது விட்டு, மேலே தண்ணீரைப் புகையாகத் தெளிக்கும் ஃபாகர் குழாய் ஓட்டி, மதியம் தீவனத் தட்டைத் தூக்கிவிடுவார்கள். ரங்கராஜும் இருபத்தொன்பது வருடம் அப்படித்தான் செய்தார்.

2022 ஜனவரி 16 காலை, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், ஓய்வுக்குப் பிறகும் வீட்டில் வைத்திருந்த என் காற்றழுத்தக் கருவியின் தாளில் முந்தைய இரவு 9.05-க்கு ஒரு குத்தல் விழுந்திருந்தது. டோங்கா தீவில் கடலுக்கடியில் இருந்த மலை வெடித்து, அதன் காற்றலை பதினோரு மணி நேரத்தில் எங்கள் ஊர்வரை வந்திருந்தது. தாளில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டி.வி. செய்தியைப் பார்த்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் ரங்கராஜ் வந்துவிட்டார்.

“சார், தொண்ணூத்தி ஒண்ணுல இந்தக் கோடு ஆடுச்சுங்களா?”

“என் கண்ணுக்குத் தெரிஞ்சு ஆடலைங்க.”

“இப்ப?”

“ஒண்ணு புள்ளி நாலு.”

“அவ்வளவுதானுங்க. ஆடாத மலை ரெண்டு வருசம் குளுரக் குடுத்துச்சு. ஆடுன மலை நாலு வருசம் குடுக்கும்.”

“இது காத்து தள்ளுன தள்ளுங்க. வெயிலோட அளவு இல்லை.”

“தள்ளாம குளுருமுங்களா?” என்று சிரித்துக்கொண்டே அந்தத் தாளைப் போனில் படம் பிடித்தார். நான் தடுக்கவில்லை. அந்தப் படம் பஸ் ஸ்டாப் டீக்கடை முழுக்கச் சுற்றியது. என் கையெழுத்தும் அதில் இருந்தது.

அந்தக் கோடையில் அவர் நூறுக்கு நூறு விட்டார். 2022 மே மாதம் மழை பெய்து ஊர் குளிர்ந்து கிடந்தது. ஒரு செட்டில் கூட சாவு அதிகமில்லை. பக்கத்துத் தோட்டத்து நஞ்சுண்டனுக்கு ஒரே ஒரு செட்டு, நாற்பத்தொரு வயது, வேறு வருமானம் கிடையாது. அவர் அந்த வருடம் எண்பதுதான் விட்டிருந்தார். டீக்கடையில் ரங்கராஜ் அவரை விடவில்லை.

“ஏனப்பா நஞ்சுண்டா, இருவது கோழிக்கு எடம் சும்மா கெடந்துச்சே, அதுல பாய் போட்டுப் படுத்துக்கிட்டியா?”

2023-ல் நஞ்சுண்டனும் நூறு விட்டார். அந்தக் கோடையும் தாண்டியது. அதோடு நிற்காமல் ரங்கராஜ் தன் ஃபாகர் குழாய்களைக் கழற்றித் தென்னைக்குச் சொட்டுநீர் போட்டுக்கொண்டார்.

வீட்டில் எதிர்த்தது லாஸ்யா மட்டும். பீளமேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வார விடுமுறைக்கு வருவாள்.

“நைனா, அது கடலுக்குள்ள இருந்த மலைங்க. தண்ணியத்தான் மேல தூக்கி வீசியிருக்குது.”

“தண்ணி மேல போனா குளுராதா அம்மணி?”

“ஆவியா நின்னா அது போர்வைங்க நைனா. போர்த்துனா குளுருமா?”

“நீ அந்த மலையப் பாத்தியா? நான் பாத்தவன்.”

“நீங்க பாத்தது வேற மலைங்க.”

2024 மார்ச் 17, ஞாயிறு. அப்பாவைக் கேட்காமல் லாஸ்யா ஒரு பிளம்பரை அழைத்து வந்து நடு செட்டில் ஃபாகர் குழாயை மாட்ட ஆரம்பித்தாள். மழைமானியைச் சரி செய்ய ஒரு வாஷர் கேட்டு நான் அங்கே போயிருந்தேன். ரங்கராஜ் உள்ளே வந்து குழாயைப் பிடித்து இழுத்தார். கிளாம்புகள் தெறித்தன. பிளம்பர் ஏணியோடு விழுந்தார். “என்ர செட்டுல என்னைய முட்டாளாக்கறியா?” என்று கத்திக்கொண்டு கையில் வந்த பிளாஸ்டிக் குழாயாலேயே மகளை அடித்தார். முதல் அடி தோளில். இரண்டாவது காதுக்கு மேல். இருபத்தேழு வயதுப் பெண். கனகம் குறுக்கே விழுந்ததால் மூன்றாவது அடி கனகத்தின் முதுகில் விழுந்தது.

லாஸ்யா அழவில்லை. காதில் இருந்த ரத்தத்தைத் துடைத்து அந்தக் கையை அப்பாவிடம் காட்டினாள். “இதையும் மலை குடுத்ததுன்னு எழுதிக்கங்க” என்றாள். அதன்பின் அவள் வரவில்லை.

மார்ச் 27-ல் குஞ்சு இறங்கியது. செட்டுக்கு 3,200. கோடைக்கு ஆகாத எண்ணிக்கை என்று கம்பெனி சூப்பர்வைசர் சொன்னார். என் பொறுப்பு என்று ரங்கராஜ் எழுதிக் கொடுத்தார். மே 4 அன்று கம்பெனி லாரியில் கோழி ஏற்றுவதாக இருந்தது.

மே 2. காலை 11.30-க்கே 39.2. மதியம் 1.10-க்குக் கரண்ட் போய் செட்டு விசிறிகள் நின்றன. 1.25-க்குக் கனகம் போன் செய்தார். மொபெட்டில் போய்ச் சேர 1.50. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தெர்மாமீட்டரைப் பிடித்தேன். 2.10-க்கு 44.5.

செட்டுக்குள் சத்தமே இல்லை. முதலில் அதுதான் எனக்குப் புரியவில்லை. மூவாயிரம் கோழிகளும் வாயைத் திறந்து இறக்கையை விரித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பிறகு ஒரு மூலையில் ஒன்று எம்பி விழுந்தது. அதன் மேல் பத்து ஏறின. பத்தின் மேல் நூறு. கம்பி வலையோரம் இடுப்பளவுக்குக் குவிந்தன. அடியில் இருந்தவை நசுங்கின. மேலே இருந்தவை வெந்தன. ரங்கராஜ் குவியலுக்குள் கையை விட்டு இழுத்து இழுத்துப் பின்னால் வீசினார். கனகம் தொட்டித் தண்ணீரை வாரி இறைத்தார். அந்தத் தண்ணீரே கை வைக்க முடியாத சூடு. பிடித்த கோழியின் கால் கையோடு கழன்று வந்தது. ரங்கராஜ் ஏதோ கத்திக்கொண்டே தோண்டினார். தெலுங்கு. எனக்குப் புரிந்தது நரசிம்மலு என்ற பெயர் மட்டும்.

3.40-க்குக் கரண்ட் வந்தது. விசிறிகள் செத்த கோழிகளின் மேல் சுற்றின.

4.45-க்கு நஞ்சுண்டன் வேலியைத் தாண்டி வந்தார். வலது கையில் கடப்பாரை. இடது கையில் ஒரு செத்த கோழி, கழுத்தைப் பிடித்திருந்தார்.

“கப்பக்காரா! நாலு வருசம்னியேடா! வெளிய வாடா!”

ரங்கராஜ் வெளியே வந்தார். உடம்பெல்லாம் இறகும் எச்சமும். நஞ்சுண்டன் அந்தக் கோழியால் அவர் முகத்தில் அறைந்தார். பிறகு என்னைப் பார்த்தார். “தெர்மாமீட்டரப் புடிச்சுக்கிட்டு நிக்கறயா சார்? எண்ணு! எத்தனைன்னு எண்ணிச் சொல்லு!”

“நஞ்சுண்டா, நெனச்சது வேற...” என்று ரங்கராஜ் வாயெடுத்தார். கடப்பாரை உயர்ந்தது. தலைக்கு வந்ததை இடது கையால் தடுத்தார். காய்ந்த மட்டை முறிவது போலச் சத்தம் கேட்டது. இரண்டாவது அடி விலாவில். மூன்றாவதற்கு ஓங்கும்போது கனகம் தீவனத் தொட்டியைத் தூக்கி நஞ்சுண்டனின் நெற்றியில் இறக்கினார். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. கடப்பாரை கீழே விழுந்தது. நஞ்சுண்டன் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் கடப்பாரையை எடுத்துக் கிணற்றில் போட்டேன். இத்தனை வருடக் குறிப்புகளில் இடம் பெறும் என் ஒரே செயல் அதுதான்.

மறுநாள் பொக்லைன் குழி தோண்டியது. இரண்டு பண்ணைக்கும் ஒரே குழி. சுண்ணாம்பும் உப்பும் போட்டு மூடும்முன் எண்ணினேன். மேலே கொடுத்த எண்கள் அவை.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தபோது ஏணியிலிருந்து விழுந்ததாக ரங்கராஜ் சொன்னார். மே 7 அன்று நெற்றியில் தையலோடு நஞ்சுண்டன் வார்டுக்கு வந்தார். கனகம் சொல்லி வந்திருந்த லாஸ்யா கட்டிலருகே இருந்தாள். நானும் இருந்தேன்.

“மன்னிப்புக் கேக்க வல்லீங்ணா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க மலை குளுரக் குடுத்துச்சா, இல்லையா?”

“குடுத்திருக்கும். இல்லீன்னா இன்னும் சூடு ஏறியிருக்கும்.”

“அந்தக் குழிக்கிட்ட போயி சொல்லுங்க நைனா. கோழியெல்லாம் சந்தோசப்படும்” என்றாள் லாஸ்யா. போனில் ஏதோ எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

“போன்ல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவான் கண்ணு. தெரிஞ்சவங்க கையெழுத்துப் போட்ட கடுதாசி வேணும். சார் எழுதட்டும்.” பிறகு ரங்கராஜ் நஞ்சுண்டனைப் பார்த்தார். “மலை குளுரக் குடுக்கலீன்னு கடுதாசி வந்தா, தப்பு என்னோடது. நடு செட்டு மூணு வருசம் உன்ர கையில. குடுத்துச்சுன்னு வந்தா?”

நஞ்சுண்டன் கட்டிலுக்குக் கிட்டே வந்தார். “குடுத்துச்சுன்னு வந்தா, நான் போலீஸ் டேசனுக்குப் போயி நாந்தேன் அடிச்சேன்னு எழுதிக் குடுத்தர்றேன்.”

“ரெண்டு பேருக்கும் பைத்தியம்” என்றாள் லாஸ்யா. ஆனால் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

மே 9 அன்று புனேயில் காற்று மண்டல ஆராய்ச்சி செய்யும் ஒரு பேராசிரியருக்கு எழுதினேன். 1991, 1992, 2022, 2023, 2024 அளவுகள் அனைத்தையும் சேர்த்தேன். எண்களுக்குப் பின்னால் ஒரு செட்டும் ஒரு சிறைவாசமும் காத்திருப்பதையும் எழுதினேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று மே 23-ல் ஒரு அட்டை. ஜூன் 3-ல் இரண்டு சந்தேகம் கேட்டு ஒரு கடிதம். பதில் போட்டேன். கடைசிப் பதில் வரும்வரை நஞ்சுண்டன் தினமும் காலையில் என் வாசலில் வந்து நின்று, தபால் இல்லை என்ற பதிலைக் கேட்டுவிட்டுப் போனார். ரங்கராஜ் ஒரு முறையும் கேட்கவில்லை. தூங்குவதில்லை என்று கனகம் சொன்னார்.

கடைசிக் கடிதம் வந்த அன்றே அதை நடு செட்டின் முன்னால் வைத்துப் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

மலையின் சத்தம் குளிர வைப்பதில்லை. கந்தகப் புகைதான் மிக உயரத்தில் போய் வெண்மூட்டமாகப் பரவி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. பினாடுபோ வீசிய கந்தகப் புகை சுமார் ஒன்றரைக் கோடி டன். டோங்கா வீசியது ஐந்து லட்சம் டன்கூட இல்லை. அதற்குப் பதில் சுமார் பதினைந்து கோடி டன் நீராவியை மேலே ஏற்றியது. அந்த நீராவியாலும் மிச்ச மூட்டத்தாலும் வந்த மாற்றம் மிகச் சிறிது. நாலு வருடக் குளிர்ச்சி என்று நம்ப அதில் எதுவும் இல்லை. 2022 மே மாதம் உங்கள் ஊர் குளிர்ந்தது அந்தக் கோடை மழையால். 2024-ன் வெப்பம், பல பத்தாண்டுகளாக ஏறி வரும் உலக வெப்பத்தின் மேல், பசிபிக் கடல் சூடாகும் எல் நினோவும் சேர்ந்து வந்தது.

“முடிஞ்சுதுங்களா?” என்றார் ரங்கராஜ்.

“இன்னொரு பக்கம் இருக்குது.”

“படிங்க.”

இன்று பினாடுபோ போல ஒன்று வெடித்தால் என்ன ஆகும் என்று நானாகக் கேட்டிருந்த கேள்விக்குப் பதில். உலகம் அரை டிகிரி போலக் குறையலாம். மிகப் பெரிய வெடிப்பானால், சூடேறிய காற்றில் புகை இன்னும் உயரம் போய்க் கொஞ்சம் கூடுதலாகவும் குளிரலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. பருவமழையும் குறையக்கூடும். ஓரிரு வருடத்தில் மூட்டம் கீழே இறங்கிவிடும். ஏறிய வெப்பம் இறங்காது. 1991-க்குப் பிறகு உலகம் ஏறியது, பினாடுபோ இறக்கியதைவிட அதிகம்.

ரங்கராஜ் எழுந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. மாவுக்கட்டுப் போட்ட இடது கையை ஓங்கி செட்டின் இரும்புத் தூணில் அடித்தார். ஒரு முறை. இரண்டு முறை. மூன்றாவதில் கட்டு பிளந்து மாவு உதிர்ந்தது. கனகம் அலறினார். பின்னாலிருந்து அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தவர் நஞ்சுண்டன். இருவரும் மண்ணில் விழுந்தார்கள். ரங்கராஜ் உதைத்தார், தலையால் முட்டினார். நஞ்சுண்டனின் தையல் போட்ட இடத்தில் மறுபடி ரத்தம் வந்தது. அவர் பிடியை விடவில்லை.

“விடு. உடைச்சது பத்தலியா உனக்கு?”

“பத்துமுங்ணா. போதுமுங்ணா. சும்மா இருங்க.”

எலும்பு மறுபடி விலகவில்லை, புதுக் கட்டுப் போட்டால் போதும் என்று டாக்டர் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, ஒப்பந்தம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். லாஸ்யா நடு செட்டில் ஃபாகர் குழாய் மாட்டிக்கொண்டிருந்தாள். கீழே ஏணியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு ரங்கராஜ் நின்றார். நஞ்சுண்டன் சாவியை வாங்க மாட்டேன் என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார். ரங்கராஜ் அவர் சட்டைப் பைக்குள் சாவியைத் திணித்தபோது பை கிழிந்தது.

“தப்பு என்னோடதுன்னு மொத வரியில எழுதுங்க சார்.”

எழுதினேன். “என் பேரையும் சேக்கட்டுங்களா? அந்தத் தாள்ல கையெழுத்து என்னோடது” என்று கேட்டேன்.

“நீங்க அளந்தீங்க சார். பெருக்குனது நானு.”

எந்தத் தேதியிலிருந்து செட்டு நஞ்சுண்டன் பொறுப்பு என்று கேட்டேன். இன்றைய தேதியைப் போடப் போனேன். ரங்கராஜ் தடுத்தார். “கடேசிக் கடுதாசி வந்தன்னைக்கே அது அவனுது ஆயிப்போச்சுங்க. அந்தத் தேதியப் போடுங்க.”

போட்டேன். 2024 ஜூன் 19, புதன்கிழமை.